வெறும் வயிற்றுத் தேர்வு

துணைவேந்தர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, அழுத கண்ணோடு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! நம் பட்டமேற்படிப்புப் பள்ளியைக் கட்டி எழுப்பிய முதல் டீன், பேராசிரியர் ஹெம்பாடூன் அம்மையார் இன்று இல்லை. இதுவரை அவரைப் புகழ்ந்து பேசியவர்கள் பலர். உயிரோடு இருந்தபோது அவருக்கு எதிராக வாக்களிக்கக் கை தூக்கியவர்களும் அவர்களே!

அந்தப் பள்ளி வருமுன் நம் பெனுவே மண்ணில் முனைவர் பட்டம் எப்படிக் கிடைத்தது? துறையே கேள்வி கேட்கும், துறையே பட்டம் கொடுக்கும். வாய்மொழித் தேர்வன்று மாணவர் வீட்டில் விடியுமுன் கிழங்கு இடிக்க வேண்டும், ஆடு அறுக்க வேண்டும். விருந்து ருசித்தால் ஆய்வும் ருசிக்கும்! வெளியூர்த் தேர்வாளர் வேண்டும், எல்லாரும் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று சட்டம் போட்டது அம்மையாரின் பள்ளி.

அந்தப் பள்ளி நடத்திய முதல் தேர்வு, இன்று இங்கே ஆசிரியராக நிற்கும் என்னுடையதுதான். என் அம்மா பழைய வழக்கப்படி விருந்துப் பானைகளோடு வந்துவிட்டார். அம்மையார் அவற்றை அப்படியே மாணவர் விடுதிக்கு அனுப்பிவிட்டார்.

இதோ மேடையில் இருக்கும் பேராசிரியர் அகாஹான் கொதித்தார். "என்ன மேடம், எங்களைப் பட்டினி போட்டா தேர்வு நடத்துறது?"

"சாப்பிடவா வந்தீங்க? கேள்வி கேக்கத்தானே வந்தீங்க? கேளுங்க."

"இந்த ஆய்வேடு சரியில்ல. இன்னும் ஒரு வருசம் போகட்டும்."

"எந்தப் பக்கம் சரியில்ல? காட்டுங்க புரொபசர், அவ திருத்துவா."

அவர் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அதற்குமுன் திறந்தே பார்த்ததில்லை! படித்துவிட்டு வந்திருந்த வெளியூர்க்காரர்தான் வெகுநேரம் என்னை வறுத்தெடுத்துப் பட்டம் கொடுத்தார்.

சென்ற மாதம் அம்மையார் மருத்துவமனையில் கிடந்தபோது பள்ளியைக் கலைத்தீர்கள். தேர்வுகள் மீண்டும் துறைக்கே! நான் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த மாசம் மிமிடூவுக்குத் தேர்வாச்சே. அவ ஆய்வேட்ட யாரு படிப்பா?"

யார் படிப்பார்கள்? சொல்லுங்கள்!

மண்டபத்துக்குள் ஆட்டுக்கறி மணந்ததே, கவனித்தீர்களா? அடுப்படியில் நின்றவள் யார்? அதே மிமிடூ! திங்கட்கிழமை தேர்வில் நிற்கப்போகிறவளை இரங்கல் கூட்டத்துக்குச் சமைக்கச் சொல்லியிருக்கிறது துறை.

அம்மையார் பெயரால் உறுதி சொல்கிறேன். மிமிடூவின் ஆய்வேட்டை நான் முழுக்கப் படித்துவிட்டேன். திங்கட்கிழமை அந்த அறையில் இருப்பேன். குறை சொல்பவர் யாராக இருந்தாலும் பக்கம் கேட்பேன்.

இப்போது எழுந்து நின்று மௌனம் காப்போம். முடிந்ததும் வீட்டுக்குப் போங்கள். இங்கே சாப்பாடு இல்லை. பானைகள் விடுதிக்குப் போய்விட்டன.