உறையில்லாத ஜெல்

என் பெயர் கெர்லிண்ட் ஹாஸே. வயது 51. துரிங்கியா மாநிலம் ஆர்ன்ஷ்டட் நகரில் ரோஸன் தெரு 14-ஆம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். டாக்டர் ஃபோல்க்மார் ரேபைனின் பல் அறுவை மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியாக இருந்தேன்.

கடந்த மார்ச் 5-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை மரைக்கே டோர்ன், வயது 34, சிகிச்சைக்கு வந்தார். ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழாய் ஊதிச் செய்பவர். சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பற்கள் இரண்டை இழந்தவர். அங்கே புதுப் பல் பொருத்துவதற்காக எலும்பு வைத்து மூட ஈறு போதவில்லை. அதனால் அரிசி அளவு ஜெல் துண்டு ஒன்றை ஈறுக்கு அடியில் வைப்பதாக இருந்தது. அது உடம்பு நீரை உறிஞ்சி ஆறு வாரத்தில் மெல்ல வீங்கி, மேலிருக்கும் ஈறை வளர்க்கும். மெல்ல வீங்குவதற்காகவே அதற்குத் துளையிட்ட உறை உண்டு.

மயக்க ஊசி போட்டு ஈறைக் கீறிய பிறகு, உறையுள்ள துண்டு டாக்டரின் இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உறையுள்ளது வேறு இருப்பு இல்லை. அதன் பிறகு உறையில்லாத துண்டை எடுக்கச் சொன்னார்.

"டாக்டர், இது ரெண்டே நாள்ல ஊதிடும். இப்போ தைச்சுட்டு இன்னொரு நாள் வரச் சொல்லலாமே" என்றேன்.

"வெளியே அடுத்த ஆள் உக்காந்திருக்கான். நூலை எடு, கெர்லிண்ட்."

அவர் தெரிந்தே அதை வைத்துத் தைத்தார். நான் தெரிந்தே நூலை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தத் துண்டு வந்த அட்டைப் பெட்டியை என் அங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரி கேட்டார். டாக்டரை எனக்குப் பதினாறு ஆண்டுகளாகத் தெரியும்.

மறுநாள் புதன்கிழமை மரைக்கே தொலைபேசியில், "சிஸ்டர், உள்ளேயிருந்து யாரோ உதட்டை முட்டித் தள்ளுற மாதிரி இருக்கு" என்றார். டாக்டர் சிரித்து, "வீங்கத்தானே வெச்சிருக்கோம்? மாத்திரை போடச் சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். வெள்ளிக்கிழமை மரைக்கே நேரில் வந்தார். ஈறு வெளுத்திருந்தது. அன்றும் டாக்டர் அதை எடுக்கவில்லை. ஞாயிறன்று சூப் குடிக்கும்போது ஈறு கிழிந்து ஜெல் கிண்ணத்தில் விழுந்தது.

இன்று திங்கட்கிழமை அதை ஜாம் பாட்டிலில் போட்டு எடுத்து வந்தார். இருந்த ஈறும் அழுகி, எலும்பு வெளியே தெரிந்தது.

"சொல்லச் சொல்லக் கேக்காம குழாய் ஊதினா இப்படித்தாம்மா ஆகும்" என்றார் டாக்டர்.

"நான் பட்டறைப் பக்கமே போகலையே! லீவு சீட்டு குடுத்ததே நீங்கதானே?"

டாக்டர், அவர் வேலைக்குப் போனதால் கிழிந்தது என்று சிகிச்சைத் தாளில் எழுதினார். உறையுள்ளதையே வைத்ததாகக் காட்ட, தரையில் விழுந்த துண்டின் சீட்டு அதே தாளில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு, "பொய் எழுதாதீங்க. உறையில்லாததை வெச்சீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"வெளியே போ. நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல" என்றார்.

மரைக்கே அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"புதன்கிழமை நான் போன் பண்ணப்போ இந்த வாய் எங்க போச்சு, சிஸ்டர்?"

அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து அட்டைப் பெட்டியை ஒப்படைத்தேன்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். டாக்டர் 'தவறுதலாக' வைத்துத் தைத்தார் என்றிருந்ததை அடித்துத் 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். நான் நூல் எடுத்துக் கொடுத்த வரியிலும் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். என் மீதும் வழக்கு வரலாம் என்று அதிகாரி எச்சரித்தார். சேர்க்கச் சொன்னேன். இதில் உள்ளது முழுவதும் நடந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) கெர்லிண்ட் ஹாஸே
11 மார்ச் 2019