கிளட்ச்தான் காரணம்

லைல்: ...அன்னைக்கே சொன்னேன்ல, கிளட்ச்தான்னு! பெத்த அப்பன் சொன்னா எவன் கேட்டான்?

ப்ரான்: சரிப்பா, நீதான் ஜெயிச்ச. இந்தா, பழைய கிளட்ச் சிலிண்டர். ரப்பர் கிழிஞ்சு ஆயில் பூரா கியர்பாக்ஸ் மேல வழிஞ்சிருக்கு.

லைல்: உங்கண்ணன் ஊர் பூரா என்ன சொல்லிட்டுத் திரியறான்? அப்பாவுக்குக் கால் போச்சு, அதான் வண்டியைக் கொண்டுபோய் வேலியில விட்டுட்டாருன்னு...

ப்ரான்: ராஸ் பயந்துட்டான்பா. டாக்டர் உன் இடது காலைப் பத்திச் சொன்னதுலேர்ந்து...

லைல்: அந்த டாக்டர் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தாரா?

ப்ரான்: அதான் நான் படுத்திருக்கேனே! பெர்த் சிட்டியிலேர்ந்து வந்ததும் வராததுமா... முதுகுல முள்ளு வேற. ஏய் பிஸ்கட், நக்காத! அப்பா, இந்த நாயை இழேன்.

லைல்: பிஸ்கட்! இங்க வாடா. ...உன்னைக் கண்டா விடமாட்டான். உங்கம்மா வளர்த்தவன்ல.

ப்ரான்: ம்.

லைல்: சாயங்காலம் மேட்டுக்குப் போகணும்மா. அம்மா சாம்பல் போட்ட மரத்தடிக்கு. வண்டி நின்னதுலேர்ந்து போகவே இல்ல... என்ன நினைச்சுப்பாளோ.

ப்ரான்: ஒண்ணும் நினைக்கமாட்டாங்க. ...ராஸ்கிட்ட உனக்காகப் பெரிய சண்டையே போட்டேன் தெரியுமா? கிளட்ச்தான் கெட்டிருக்குன்னா அப்பா பண்ணையிலயே இருப்பாரு, முதியோர் இல்லப் பேச்சை இதோட விட்டுடணும்னு.

லைல்: ஒத்துக்கிட்டானா?

ப்ரான்: ஒத்துக்கிட்டான்.

லைல்: அப்படிச் சொல்லு! அதான் என் பொண்ணு.

ப்ரான்: இரு, கொண்டாடாத. புதுசை மாட்டிட்டேன், இனி ஏர் எடுக்கணும். நீ ஏறி உக்காந்து பெடலை அமுக்கு. நான் நிப்பிளைத் திறந்து காத்தை விடறேன். முடியுமா?

லைல்: முடியுமாவா? ஆயுசுக்கும் அமுக்குன கால்மா இது!

ப்ரான்: ஏறிட்டியா?

லைல்: ...ஏறிட்டேன், ஏறிட்டேன்.

ப்ரான்: அமுக்கு.

லைல்: அமுக்கிட்டேன்.

ப்ரான்: ...

லைல்: என்னம்மா, சத்தமே இல்ல?

ப்ரான்: ஒண்ணுமில்ல... கண்ணுல மண்ணு. அப்படியே பிடிச்சுக்கோ. ...ம், விடு. திரும்ப அமுக்கு.

லைல்: அமுக்கிட்டேன்.

ப்ரான்: ஏதோ ‘டக்’குனு கேட்டுச்சே?

லைல்: பழைய சீட்டுமா. என்னை மாதிரி... உக்காந்தாலே முனகும்.

ப்ரான்: ...விடு. திரும்ப. மூச்சு ஏன் இப்படி வாங்குது?

லைல்: வெயிலு! நீ உன் வேலையைப் பாரு.

ப்ரான்: பிடி... பிடி... காத்து நின்னுடுச்சுப்பா. ஆயில் மட்டும்தான் வருது. மூடிட்டேன், விட்டுடு.

லைல்: முடிஞ்சுதா? பெடல் எப்படி விறைப்பா நிக்குது பாரு! வா, வெளிய வா. டீ குடிச்சுட்டு ராஸுக்குப் போனைப் போடு. அப்பா கால் இரும்பாட்டம் இருக்குன்னு சொல்லு. ...ப்ரான்? ஏன் இன்னும் அங்கயே கிடக்குற?

ப்ரான்: சாயங்காலம் மேட்டுக்கு நான் ஓட்டறேன்பா. நீ பக்கத்துல உக்காந்துக்கோ.

லைல்: நீ எதுக்கு? அதான் கிளட்ச் சரியாயிடுச்சே!

ப்ரான்: கிளட்ச் சரியாயிடுச்சு...

லைல்: அப்புறம்? அழறியா என்ன? ராஸ்கிட்ட சொல்லுவல்ல?

ப்ரான்: என்னன்னு சொல்றதுப்பா? நீ அமுக்கிட்டேன், அமுக்கிட்டேன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் உன் ரெண்டு பூட்ஸும் என் கண்ணு முன்னாடி மண்ணுலதான் நின்னுச்சு. வலது மட்டும் எம்பி எம்பி... இடது அசையவே இல்ல. முதல் தடவையே பார்த்துட்டேன், சொல்லத்தான் வாய் வரல. பெடலை அமுக்குன அந்த மண்வெட்டிப் பிடியைக் கீழ போடுப்பா... கை வலிக்கும்.