கருத்தக்கண்ணனுக்கு ஒரு முகம்

— வெட்ட முடியாதுண்ணே. இந்தப் போட்டோவை நல்லாப் பாருங்க, கருத்தக்கண்ணன் கை என் தோள் மேல கெடக்கு. என்னைய வெட்டுனா அவன் கையும் சேந்து போயிரும். உங்க வீரருக்கு ஒத்தக் கையோட சிலை போதுமா?

— ஏ துளசி, பிளெக்ஸ் கடை வச்சிருக்க. கம்ப்யூட்டர்ல என்னென்னமோ செய்றாய்ங்க. முகத்தை மட்டும் எடுத்துக் குடுப்பா. சிலை செய்றவரு அதைத்தான் கேக்குறாரு.

— அடடா, பத்து வருசம் கழிச்சு நல்லகாமன் அண்ணனுக்குச் சிம்மக்கல்லுல இருக்குற என் கடைக்கு வழி தெரிஞ்சிருச்சு. கூடப் பொறந்த தம்பி போட்டோ ஒண்ணுகூடவா வீட்டுல இல்ல?

— பேப்பர்ல வந்தது ஒண்ணு இருக்கு, ஸ்டாம்பு அளவுல. அதை வச்சுத்தான் மொதல்ல செஞ்சாரு. ஆத்தா பாத்துட்டு, "யாருடா இவன், பேங்க் மேனேஜர் கணக்கா இருக்கான்? எம் மகன் இல்ல"ன்டு திரும்பிப் படுத்துக்கிருச்சு. ரெண்டு நாளாச் சோறு திங்க மாட்டேங்குது.

— செல்லத்தாய் அம்மாவுக்காவது கண்ணு நல்லாத் தெரியுது. சரி, மத்த போட்டோவெல்லாம் எங்க?

— தெரியாத மாதிரி கேக்காத.

— தெரியும். உங்க வாயால கேக்கணும்.

— எரிச்சுட்டேன். போதுமா? எல்லாப் படத்துலயும் நீ நின்ன. திருவிழாவுல நீ, யுனிவர்சிட்டி மைதானத்துல நீ, எங்க கெணத்து மேட்டுல நீ. பாக்கப் பாக்க ரத்தம் கொதிச்சுச்சு.

— அந்தக் கெணத்து மேட்டுலதான் என் பல்லையும் ஒடச்சீங்க. தொண்ணூத்தி ஆறு, ஐப்பசி மாசம். வாயில ரத்தத்தோட வீட்டுக்குப் போனேன். எங்கம்மா எங்க வீட்டுல பேசுற பாசையில அழுதுச்சு. நீங்க அவனை ஆள் எடுக்குற எடத்துக்கு இழுத்துட்டுப் போனீங்க. பட்டாளத்துக்குப் போனா ஆம்பளையாயிருவான்னு. ஆனான்ல? மூணே வருசத்துல கார்கில்ல இருந்து பொட்டியில வந்து எறங்குனான். இப்ப ஊரு வாசல்ல அவன் பேருல வளைவு என்ன, சிலை என்ன!

— நாட்டுக்காகச் செத்தவன்ப்பா. ஊரே கும்புடுது.

— ஊரு! என் கூட பஸ் ஸ்டாப்புல நின்னதுக்கு அவன் மூஞ்சிக்கு நேராக் காறித் துப்புன ஊருதான? உசுரோட இருந்தப்ப எச்சி, செத்தப்புறம் மால. ரொம்பப் பெரிய மனசு உங்க ஊருக்கு.

— பழசைக் கெளறாத.

— சிலையே அதுக்குத்தானண்ணே வைக்கிறாங்க. சரி, புதுசு ஒண்ணு கேக்குறேன். போன வாரம் டில்லி ஐகோர்ட்டு தீர்ப்பு சொல்லுச்சே, ஆம்பளை மேல ஆசை வச்ச எங்களை மாதிரி ஆம்பளைங்க குத்தவாளி இல்லைன்னு. படிச்சீங்களா?

— டீக்கடையில வாசிச்சாய்ங்க. எல்லாரும் சிரிச்சாய்ங்க.

— நீங்க?

— நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா என்னையத் திரும்பிப் பாப்பாய்ங்கல்ல.

— நல்ல அண்ணன். நாங்க தல்லாகுளத்துல ஒரு மொட்டை மாடியில பதினோரு பேரு கூடுனோம். ஒருத்தர் கேக்கு வாங்கிட்டு வந்தாரு. வெட்டுறதுக்கு முன்னாடி, இந்த நாளைப் பாக்காமலே போனவங்க பேரை வாசிச்சோம். சொந்தக்காரங்க அடி தாங்காம மருந்தைக் குடிச்சாரே கண்ணுச்சாமி, அவரு பேரு. அப்புறம் கருத்தக்கண்ணன்.

— அவன் பேரை ஏண்டா அதுல சேத்த? அவன் சண்டையில செத்தவன்!

— சண்டையிலதான் குண்டு பட்டுச்சு. அந்தக் குண்டுக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்துனது யாரு, பாகிஸ்தான்காரனா?

— ஏ துளசி...

— என்ன, சத்தம் கொறஞ்சு போச்சு? மைக்கு புடிச்சுப் பேசுற ஆளாச்சே நீங்க. தண்ணி வேணுமா?

— வேணும்னா என்னைய அடிச்சிரு. படத்தை மட்டும் குடு. ஆத்தாளுக்காகக் கேக்குறேன்.

— அந்தப் பழக்கம் எங்க வீட்டுல இல்ல. உங்களைச் சொல்லி என்ன, அவன் மட்டும் என்ன யோக்கியமா? அந்த மே மாசம் ரெண்டு மாச லீவுல வந்தான். மூணு நாள்ல ரயில் ஏறிட்டான். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. அவன் வந்துட்டுப் போனதே எழவு வீட்டுல நாலு பேரு பேசித்தான் எனக்குத் தெரியும். அவனும் உங்களை மாதிரிதான், ஊருக்குப் பயந்தவன். அதையும் கல்லுல பொறிங்க.

— அவனை அப்படிச் சொல்லாத.

— ஏன், சுடுதாக்கும்?

— அவன் உன்னையப் பாக்கத்தான் கெளம்பி நின்னான். வந்த மூணாம் நாளே. சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு, ஆத்தா முன்னாடியே சொன்னான்: "அண்ணே, நான் துளசிகிட்டப் போறேன். லீவு முடியிற வரைக்கும் அங்கதான் இருப்பேன். அடிக்கணும்னா இப்பவே அடிச்சிரு."

— பொய் சொல்லாதீங்க.

— ஆத்தா மேல சத்தியம். நான் அடிக்கல. அடிச்சா இந்தத் தடவை நிக்க மாட்டான்டு அவன் கண்ணுலயே தெரிஞ்சுச்சு.

— அப்ப ஏன் வரல?

— பட்டாளத்துல இருந்து தந்தி. மலையில சண்டை மூண்டுருச்சு, லீவுல போனவுக எல்லாம் ஒடனே திரும்பணும்டு. அன்னைக்கே ஜங்ஷன்ல நாந்தான் ஏத்தி விட்டேன். வண்டி நகரையில, "துளசிகிட்ட நீயே சொல்லிருண்ணே"ன்டு கத்துனான். நான் சொல்லல.

— பத்து வருசம்ணே. பத்து வருசமா அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன். தூங்கி எந்திரிச்சதும் திட்டுவேன்.

— அது எனக்குத் தெரியாதுப்பா.

— சரி, விடுங்க. நீங்க சொல்லாதது உங்களோட. சண்டைக்குக் கூப்பிட்டா அவன் என்ன செய்வான், நீங்கதான் என்ன செய்வீங்க? இந்தாங்க, படத்தைக் கொண்டு போங்க. அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க. புடிங்கண்ணே, ஏன் கையப் பின்னாடி கட்டுறீங்க?

— தந்தி எதுவும் வரல, துளசி. வந்துருக்குன்டு அவன்கிட்ட நானாச் சொன்னேன்.