கறுப்பியின் நெஞ்சு நீர்

இறால் தலையை நாய்க்குப் போடக்கூடாது என்பார்கள். நுனியில் இருக்கும் முள்ளைக் கிள்ளிவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது. ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை முடிந்ததும் ஒரு வாளி நிறைய எடுத்து வருவேன். எங்கள் சந்தில் ஒவ்வொரு நாய்க்கும் என் காலடிச் சத்தம் தெரியும். மனிதர்களில் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் மகிமா டாக்டர் என்னைத் தேடி வந்தார். தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிற டாக்டர் அவர். வலையோடு ஆட்களைப் பார்த்தாலே நாய்கள் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவிடும். நான் கூப்பிட்டால் வரும். எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். ஐஸ் பெட்டியில் மருந்தும், ஊசி போட்ட நாயின் முதுகில் பூசப் பச்சைச் சாயமும் கொடுத்தார்.

"டோரதிக்கா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்," என்றார்.

முதல் ஊசியை மணி என்ற நாய்க்குப் போட்டேன். கத்தியது. அதன்பின் என் கைக்கு எட்டும் தூரத்தில் அது வரவே இல்லை. நான் உள்ளே போன பிறகுதான் சாப்பிடும். ஆகவே மற்ற நாய்களுக்குச் சாயத்தை மட்டும் பூசினேன். மருந்தைச் சாக்கடையில் ஊற்றினேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை இன்ஸ்பெக்டர் ஐயா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாயின் நம்பிக்கை போனால் எந்த அரசாங்கமும் திருப்பித் தராது.

சில மாதம் கழித்து ஒருநாள், நான் சாயம் மட்டும் பூசிவிட்ட நாய்களில் ஒன்றான கறுப்பி இறாலைத் தொடவில்லை. வாளியைக் கடித்தது. சந்து முனையில் விளையாடிக்கொண்டிருந்த அம்முவின் காலைக் கவ்விவிட்டது. அவள் அம்மா கன்னியம்மா, எதிர் வீட்டு மீன்காரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா இது, உன் நாயி புள்ளய கட்ச்சிட்ச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா?"

"எதுக்கு? அது முதுகுல பச்ச சாயம் கீறது தெரீல? ஊசி போட்ட நாயி. சோப்பு போட்டுக் கழுவு, போதும்."

"நீ சொன்னா சரிதான். எங்களுக்கு நீதான நாய் டாக்டரம்மா," என்று சிரித்தாள்.

அம்முவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆன்ட்டி, இன்னிக்கு அதுக்கு எறா போடாத."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உண்மையைச் சொன்னால் மறுநாளே வண்டி வந்து என் நாய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

அன்று சாயங்காலம் கறுப்பி கன்டெய்னர் லாரியில் அடிபட்டது. சாலையில் சாகும் நாய்களை ஆராய்ச்சிக்காகக் குளிர்பெட்டியில் வைப்பது டாக்டரின் ஆட்களுக்கு வழக்கம். இதையும் எடுத்துப் போனார்கள்.

அடுத்த மாதம் அம்முவால் தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. பிறகு இறந்துபோனாள்.

ஐஸ் பெட்டியில் மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கறுப்பியின் இரத்தம் முழுக்கச் சாலையிலேயே போய்விட்டதால் ஊசி போட்டதா என்று சோதிக்க எதுவும் இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் டாக்டர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

"நெஞ்சுக்கூட்டுக்குள்ள கொஞ்சம் நீர் இருக்கும்க்கா. ரத்தக்குழாயோட சுவர் வழியா ரத்தத்துல இருக்கிற புரதம் எப்பவும் அதுக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும். ஊசி போட்டா உண்டாகுற எதிர்ப்புப் புரதமும் அப்படித்தான். ரத்தத்துல இருக்கிற அளவுக்கு இருக்காது, ஆனா இருக்கும். அடுத்த தெருவுல செத்த நாய்க்கு நான் போட்டதும் இதே பெட்டி மருந்துதான். அதோட நெஞ்சு நீர்ல அந்தப் புரதம் இருக்கு. கறுப்பிகிட்ட துளிகூட இல்ல."

நான் மறுக்கவில்லை. உடம்புக்குள் இப்படியெல்லாம் கசியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கன்னியம்மா என்னைக் கொலைகாரி என்கிறாள். கறுப்பிக்கு நோய் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அதை முழுசாக நம்பினேன். கடைசிவரை அது என் கைக்கு வந்தது. வாளியைக் கடித்தபோது என் விரலிலும் ஒரு கீறல் பட்டது, அவ்வளவுதான். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

வலிக்கவே இல்லை.