அந்த வரியில என் பேரு வேணாம்

இல்லைங்க பாய், சேர் வேணாம். டீயும் வேணாம். உக்கார வரல நானு. ஒரே ஒரு திருத்தம், அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். காலையில எங்க கொழுந்தன் சுப்புராயன் உங்களுக்கு வாட்சப்புல ஒரு பேனர் அனுப்புனான் இல்ல, எட்டுக்கு ஆறு, கண்ணீர் அஞ்சலி. அத இன்னும் மிஷின்ல ஏத்தலையே? நல்லதாப் போச்சு. கொஞ்சம் தெறங்க. அடியில கண்ணீருடன்னு போட்டு பேருங்க வரிசையா நிக்குது பாருங்க. மொதப் பேரு தகப்பனார் காசிநாதன். அது அவரு இஷ்டம், அத வுட்டுடுங்க. பக்கத்துல தாயார் விசாலாட்சி. அது நான். அத எடுத்துடுங்க.

ஆமாங்க, எடுத்துடுங்கன்னுதான் சொன்னேன். பேருல தப்பு ஒண்ணும் இல்ல, பேரே வேணாம்.

பெத்த தாய் பேரு இல்லாம எப்படின்னு கேட்டா நான் இன்னா சொல்றது. ஊரு இன்னா வேணா நெனச்சிக்கட்டும். ஐயோ, நீங்க எதுக்கு இப்ப கண்ண கசக்குறீங்க. தொடைங்க மொதல்ல. எங்க அமிர்தம் வயசுக்கு வந்தப்ப பேனர் அடிச்சது நீங்கதான், தெரியாமலா. அந்த ஊஞ்சல், மயிலு, பக்கத்துல நாலு அமைச்சருங்க கணக்கா எங்க பங்காளிங்க தலை, எல்லாம் ஞாபகம் இருக்குது. நேத்து வரிக்கும் நல்லாத்தான் இருந்துது புள்ள. எப்படி ஆச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, வரேன் அதுக்கு.

எனக்கு யாரு அழுதாலும் எரிச்சலா வரும் பாய். பழக்கம் அப்படி. நான் படிச்சது கன்னியாஸ்திரிங்க கிட்ட. பெரிய வெள்ளிக்கு நாடகம் போடுவாங்க. பத்தாங் கிளாஸ் அக்கா ஒருத்தி தாடி ஒட்டிக்கினு சிலுவையில தொங்குவா. நான் மூணாங் கிளாசு, வாய் வுட்டு அழுதுட்டேன். சிஸ்டர் வந்து காத புடிச்சி, ஞாயித்துக்கிழமை எழுந்துடுவாரு, மூக்கத் தொடைன்னாங்க. அவ்ளோதான், அன்னியோட கண்ணுல தண்ணி நின்னுபோச்சு. எங்கப்பா செத்தப்ப கூட நான் சமையல்கட்டுல நின்னுக்கினு காப்பிக்குப் பால் எத்தினின்னு கேட்டுக்கினு இருந்தேன்.

எங்க அமிர்தம் அப்படி இல்ல. அவங்கப்பன் ரத்தம்.

மூணு வருசம் இருக்கும், உங்களுக்கு மறந்திருக்காது. அந்த இங்கிலீஷ் படம். நீலச் சட்டைக்காரன், மார்ல வெளக்கு எரியும், பேரு இன்னவோ, என் வாயில நுழையல, நுழையவும் வேணாம். இவ ரெண்டாவது வருசம் காலேஜ். மொத நாளு மொத ஆட்டம் போவணும்னு ஒரே பிடிவாதம். தனியா அனுப்ப மாட்டேன்னு நானும் போனேன், அவங்கப்பாவும் வந்தாரு. தமிழ்ல பேச வெச்சிருக்கான். பாலம் இடிஞ்சி வுழுவுது, இவன் தோள்ல தாங்கிக்கினு நிக்கறான், ஸ்கூல் பஸ்ஸெல்லாம் மேல போவுது. நீங்க போயிக்கினே இருங்க, நான் பாத்துக்கறேன்றான், நம்ம ஊரு கண்டக்டர் மாதிரி. கடைசி வண்டி போனதும் வெளக்கு அணைஞ்சிபோச்சு. ஆளு காலி.

தியேட்டரே ஓன்னு அழுவுது பாய். மீசை வெச்ச ஆம்பளைங்க மூக்க உறியறானுங்க. எனக்கு முன்னால ஒருத்தன் போன்ல வூட்டுக்குக் கூப்பிட்டு, அண்ணன் போயிட்டாரும்மான்னு சொல்றான். அந்தம்மா எந்த அண்ணன்டான்னு அலறியிருக்கும், பாவம். நான் பர்ச எடுத்துக்கினு எழுந்து நின்னா, இவ எழுந்துக்க மாட்டேன்றா. தலைய முட்டியில வெச்சிக்கினு குலுங்குறா. அடியேய், அவன் சம்பளம் வாங்கிக்கினு அவன் ஊர்ல ஜம்முனு இருக்கான், எழுந்திருன்னேன். சுத்தி இருக்கிறவன்லாம் என்ன கொலைகாரி மாதிரி பாத்தான்.

மூணு நாளு சோறு தண்ணி இல்ல. போன்ல அவ படத்த எடுத்துட்டு கருப்பா வெச்சிக்கிட்டா. நான் கரண்டிய தூக்கிக்கினு போனா அவங்கப்பா குறுக்க வந்து நிப்பாரு. பச்ச மண்ணு அது, மனசு வுட்டுப்போயிருக்குது, நீ சும்மா இருடி. பக்கத்துல உக்காந்துக்கினு பரோட்டா பிச்சிப் பிச்சி ஊட்டுவாரு. அழாதம்மா, அடுத்த பாகத்துல வந்துடுவான், இவனுங்க யாரையும் முழுசா சாவடிக்க மாட்டானுங்கன்னு தலைய தடவிக் குடுப்பாரு. நான் கண்ணால பாத்தேன், அவரு கண்ணும் ஈரம்.

அப்பறந்தான அவ காலேஜ் பசங்க உங்ககிட்ட வந்தது. நாலுமுனை சந்திப்புல வெச்சாங்களே, நீலச் சட்டைக்காரனுக்கு கண்ணீர் அஞ்சலி, கீழ பதினஞ்சி பேரு, அதுல எங்க அமிர்தமும் ஒண்ணு. நீங்களும் சிரிக்காம அடிச்சிக் குடுத்தீங்க. அத கட்டறதுக்கு மூங்கில் யாரு குடுத்தது தெரியுமா? எங்க கொல்லையில இருந்து வெட்டி, டிவிஎஸ்ல வெச்சி, அவங்கப்பாவே எடுத்துக்கினு போயி நிறுத்தினாரு. மறுநாள் நைனார்பாளையத்து ஆயா ஒண்ணு சந்தைக்கு வந்தது, பேனர அண்ணாந்து பாத்து, அய்யோ சாமி, வாட்ட சாட்டமான புள்ளையாச்சே, வண்டியில அடிபட்டதான்னு மாரடிச்சிக்கினு உக்காந்துபோச்சு. பசங்க உண்மைய சொல்றதுக்கு வாய் வராம சோடா வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி வுட்டிருக்காங்க.

சிரிங்க, பரவால்ல. நானும் அப்ப சிரிச்சேன்.

பதினாறாம் நாளு அந்த கும்பல்ல ஒருத்தன் மொட்டை அடிச்சிக்கினு எங்க வூட்டுக்கு வந்தான். நோட்டு வாங்க வந்தானாம். வெள்ளிமலைப் பையன், வேடியப்பன்னு பேரு, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவன். மோர் குடுத்துக்கினே கேட்டேன், இன்னாப்பா, அமெரிக்காவுல இருந்து பங்காளி உரிமை கொண்டாடி லெட்டர் போட்டாங்களான்னு. அவன் மோர முழுசா குடிச்சிட்டு டம்ளர கழுவி வெச்சான். அப்பறம் சொன்னான், எங்கப்பா ஜீப்பு கவுந்து செத்தப்ப எனக்கு பரீட்சைங்க ஆன்ட்டி, யாரும் சொல்லல, நான் மலை ஏறிப் போறதுக்குள்ள எல்லாம் முடிச்சிட்டாங்க. அப்ப அடிக்காத மொட்டைங்க இது. அவ்ளோதான் சொன்னான். அவன் கழுவி வெச்ச டம்ளர எடுத்து இன்னொரு வாட்டி மோர் ஊத்திக் குடுத்தேன். என் கையால ரெண்டாவது டம்ளர் வாங்குறது சாமானியமான விசயமில்லன்னு உங்களுக்கே தெரியும்.

இங்க வாங்க, இந்த போட்டோவ கொஞ்சம் பெருசு பண்ணுங்க. அந்த எடது தோள்ல. ஒரு விரல் நுனி தெரியுதா? சுப்புராயன் அவசரத்துல வெட்டியிருக்கான், சரியா வெட்டத் தெரியல. அந்த நீலச் சட்டைக்காரன் பேனர் கிட்ட எல்லாரும் நின்னு எடுத்த போட்டோ இது. அதான் கண்ணு வீங்கியிருக்குது. விரல் யாருதுன்னு உங்களுக்குச் சொல்லணுமா?

ஆமா. அவன்தான்.

உங்களுக்கு பயம், தெரியுது. நாளைக்கு அவரு வந்து எதுக்கு எடுத்தன்னு சட்டையப் புடிச்சா இன்னா பண்றது. என் மேல சொல்லிடுங்க. விசாலாட்சி வந்தா, நின்னு பாத்து எடுத்துட்டுப் போனான்னு சொல்லுங்க. பேனரே அடிக்காதீங்கன்னு உங்க கால்ல வுழலாம்னுதான் கிளம்பினேன். வர்ற வழியில யோசிச்சேன், நீங்க இல்லன்னா நாலு கடை இருக்குது, திருக்கோவிலூர் போயாவது அடிச்சிக்கினு வந்துடுவாரு. மணலூர்பேட்டையில இருக்கிற பங்காளிங்க நேத்து மத்தியானத்துல இருந்து தூபம் போட்டுக்கினு இருக்காங்க. ஊருக்குள்ள தலை காட்டணும்னா பேனர் வெச்சே ஆவணுமாம். நேத்து ராத்திரி முழுக்க அந்த மனுசன் சொவத்தப் பாத்து உக்காந்திருந்தாரு. காலையில எழுந்து ஒரு வார்த்த என்கிட்ட கேக்காம என் பேரையும் சேத்து எழுதிக் குடுத்துட்டாரு. இருபத்தாறு வருசமா ரேஷன் கார்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரிக்கும் அவரு பேருக்குப் பக்கத்துல என் பேரு நின்னிருக்குது, ஒரு வாட்டியும் வாய தெறக்கல நானு. இதுல நிக்காது.

அந்த தேதியா? கேப்பீங்கன்னு தெரியும். தோற்றம் சரியா இருக்குது. மறைவுன்னு நேத்து தேதி போட்டிருக்குது இல்ல? அதும் அவரு கணக்குக்கு சரிதான். நேத்து காலையில பத்தரை மணிக்கு மலை மேல கோயில்ல வெச்சி அந்தப் பையன் தாலி கட்டினான்.

இல்லைங்க பாய். விபத்தும் இல்ல, மருந்தும் குடிக்கல. ஒண்ணும் ஆவல அதுக்கு. உக்காருங்க, உங்களுக்குத்தான் சேர் வேணும் போல.

இருங்க, போன் அடிக்குது. மத்தியானத்துல இருந்து இது நாலாவது வாட்டி, அவரு எதுர்ல எடுக்க முடியல. அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க, ஒண்ணும் காதுல வுழல.

ஹலோ. ம். சொல்லு அமிர்தம். இல்லடி, கடைத்தெருவுல நிக்கிறேன், பேசு. அப்பாவா? இருக்காரு. அவரு கதைய அப்பறம் பேசலாம். ராவுல குளுருச்சா? நான் எடுத்து வெச்ச போர்வைய வுட்டுட்டுப் போயிட்ட பாரு, அறிவு. நாலரை மணி வெள்ளிமலை பஸ்ஸுக்கு வரேன், அவன வந்து நிக்கச் சொல்லு, எனக்கு வழி தெரியாது. பாய், நீங்க எதுக்கு என்ன பாத்துக்கினு இருக்கீங்க? அத அழிங்க. நான் பேசிட்டு வரேன்.