பிரிண்ட்டில் வராத வரி

காலை கும்மிடிப்பூண்டி லோக்கல் பொன்னேரியைத் தாண்டியிருந்தது. எதிர் சீட்டில் ஒரே கம்பெனியின் நீலச் சட்டையில் இருவர். ஜன்னலோரம் இருந்த பெரியவர் சொன்னார்:

"கம்ப்யூட்டர் ரூம் பொண்ணு எழுதுன ஃபார்முலாவுல என் பேரு இருக்குதுடா. அதான் இன்னும் வயிறு எரியுது."

"இன்னாண்ணே சொல்றே?"

"நைட் ஷிஃப்ட்ல பன்னெண்டு மணிக்கு மேல நாம போட்ட உருப்படியெல்லாம் ரிப்போர்ட்ல மறுநாள் தேதியில ஏறிக்கினு இருந்துச்சுல்ல? ஷிஃப்ட் காலைல ஆறுக்குத்தானே முடியுது, ஆறு மணி நேரத்தைக் கழிச்சுட்டுத் தேதியை எடும்மான்னு சொன்னதே நான்தான். அது ஒரே வரியில ஃபார்முலா போட்டுச்சு. மேனேஜர் எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணைப் பாராட்டுறாரு."

"உன் பேரைச் சொல்லலியா?"

"அவருக்கு எங்க தெரியும்? எதுனா தப்பு கெடைக்குமான்னு நேத்து அது சாப்புடப் போனப்ப ஃபார்முலாவைத் தொறந்து பாத்தேன். அதுக்கு மேல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்குது: 'யோசனை, மணி அண்ணன்.'"

"நல்ல பொண்ணுதானேண்ணே!"

"நல்ல பொண்ணுதான். ஆனா மேனேஜர் பிரிண்ட்டைத்தானே பாக்குறாரு? குறிப்பு பிரிண்ட்ல வராதுடா."