தேடிய அறிவித்தல் இங்கே இல்லை

எனக்கு எழுத்துப் பெரிதாக இருந்தால்தான் கண் தெரியும். இந்த விளக்கக் கடிதம் நாலு தாளுக்கு நீண்டிருப்பது அதனால்தான். சொல்வதற்கு அவ்வளவு இருப்பதால் அல்ல. சனசமூக நிலைய நிர்வாகசபை கேட்டது ஒரே ஒரு கேள்வி: சிமியோனின் மரண அறிவித்தல் எங்கள் ஊர் இணையத்தளத்தில் மூன்று நாள் ஏன் இல்லை. பதிலும் சின்னதுதான். தலைவர் எமில்ராஜ் தம்பி அவசரப்படாமல் வாசித்தால் போதும்.

முப்பத்தொரு வருடம் பஸ் நிலையத்தில் பஸ் வருகிற போகிற நேரம் குறிக்கும் ரைம்கீப்பராக இருந்தவன் நான். வந்து நிற்கிற பஸ்ஸைப் பற்றி ரைம்கீப்பரிடம் யாரும் கேட்பதில்லை. வராத பஸ்ஸைப் பற்றித்தான் கேட்பார்கள். இல்லாத ஒன்றை, ஆளைக் கோபப்படுத்தாமல் இல்லை என்று சொல்வதுதான் என் தொழில். ஒருமுறை, வராத பருத்தித்துறை பஸ்ஸைப் பற்றி நான் சொன்ன விதத்தில், காத்திருந்த பதினாறு பேரும் போய்வந்த திருப்தியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவர் ரிக்கற்றும் கேட்டார். நம்பாதவர்கள் விடலாம்.

ஓய்வுபெற்ற பிறகு தளத்தைப் பார்க்கும் வேலையை என்னிடம் தந்தீர்கள். அந்தக் காலத்தில், இல்லாத பக்கம் ஒன்றை யாராவது அழுத்தினால் வெள்ளைத் திரையில் இங்கிலீசில் ஒரு வரியும் நானூற்று நாலு என்ற இலக்கமும் வரும். வீடு தேடி வந்தவனுக்கு நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி. அதை மாற்றினேன். 'நீங்கள் தேடிய அறிவித்தல் இங்கே இல்லை. பிழை உங்களுடையது அல்ல. பதற வேண்டாம். யாரைத் தேடி வந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறோம்' என்று போட்டேன். எழுத ஒரு பெட்டி, முகப்புக்குத் திரும்ப ஒரு வழி, மூலையில் ஒரு தோணியின் படம். தோணிக்கு மட்டும் இரண்டு கிழமை சென்றது.

அந்தப் பக்கத்துக்கு முதல் வேலை கொடுத்தவர் செபஸ்தியம்மா. நோர்வேயில் இருக்கும் பெறாமக்கள் எதையோ பிழையாக விளங்கிக்கொண்டு, உயிரோடு இருந்த மனுசிக்கு அறிவித்தல் போடுவித்துவிட்டார்கள். மனுசி நேரே என்னிடம் வந்தார். செத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படம் வடிவில்லை என்றுதான் சண்டை பிடித்தார். அறிவித்தலை எடுத்தேன். அழுத்தியவர்கள் எல்லாரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள், ஒரே நாளில் அறுநூறு பேர். அன்றிலிருந்து ஊரில் ஒரு கதை நிலைத்துவிட்டது: அறிவித்தல் காணாமல் போனால் ஆள் சுகமாக இருக்கிறது. அதை நான் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

பிறகு ஒருவரும் வரவில்லை. பிழை இல்லாத தளத்தில் பிழைப் பக்கத்துக்கு யார் வருவார்? காலையில் எழும்பியதும் எண்ணிக்கையைப் பார்ப்பேன், பூச்சியம். வேலை செய்தால்தான் களைப்பு வரும் என்கிறவர்கள் சும்மா இருந்து பார்த்ததில்லை. ஆகவே சின்னச் சின்னப் பக்கங்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். பழைய கரப்பந்துப் போட்டி முடிவுகள், போன வருடப் பெருநாள் நிகழ்ச்சி நிரல். ஏழெட்டுப் பேர் வந்தார்கள், பெட்டியில் ஒன்றும் எழுதாமல் போனார்கள். கரப்பந்து முடிவைத் தேடுகிறவனுக்கு என்ன பதற்றம்?

பங்குனிக் கூட்டத்தில் சிமியோன் எல்லாருக்கும் முன்னால் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "ரைம்கீப்பர், ஒருத்தரும் வராத பக்கத்துக்கு இவ்வளவு சோடினையோ? பஸ் இல்லாத ஸ்ராண்டிலை இருந்து பழகின ஆள்தானே." சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான்.

சித்திரையில் ஒரு வியாழன் மத்தியானம் சிமியோன் மாரடைப்பில் போனார். அறிவித்தலை நானே எழுதினேன். 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.' அந்த வரி இருந்தால் எல்லாருக்கும் சொன்னதாகிவிடும். கதைபேச்சு இல்லாத சொந்தத்துக்குச் செத்தவீட்டார் ஆள் அனுப்புவதில்லை, போன் எடுப்பதும் இல்லை. தளத்தில் போட்டாயிற்று, விருப்பமென்றால் வரட்டும். அவர்களும் அதைப் பார்த்துவிட்டு வந்து கதவோரம் நிற்பார்கள். எங்கள் ஊரில் பல பகை அப்படித்தான் தீர்ந்தது.

நாலு மணிக்குப் போட்டேன். அடக்கம் சனி பின்னேரம் மூன்று மணி. போட்ட அன்றைக்கே ஐந்து மணிக்கு அறிவித்தலை எடுத்துவிட்டேன்.

வெள்ளி காலை எண்ணிக்கை நானூற்றைத் தாண்டியிருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்து உண்மையை அறிந்துகொண்டார்கள். போன் எடுக்க முடியாதவர் ஒருவர்தான்: மயிலிட்டியில் கலியாணம் செய்திருக்கும் சிமியோனின் தங்கை றெஜினா. தாயின் வீட்டுப் பிரச்சினையில் பதினெட்டு வருடம் இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை. பெட்டியில் எழுதியிருந்தார்:

"சிமியோன் அண்ணையின்ரை அறிவித்தல் எண்டு வைபரிலை வந்தது. அமத்தினா இல்லையெண்டு வருது. செபஸ்தியம்மா மாமிக்கு வந்த மாதிரித்தானே? அண்ணை இருக்கிறாரோ?"

என் பக்கத்தை ஒரு சொல் விடாமல் வாசித்த முதல் ஆள். அது அந்த எழுத்திலேயே தெரிந்தது. நான் பதில் போட்டேன்: 'பதற வேண்டாம். நீங்கள் தேடிய அறிவித்தல் எங்களிடம் இல்லை.' அதில் எந்தச் சொல் பொய் என்று நிர்வாகசபை காட்டட்டும்.

உடனே வந்தது. "கோடி நன்றி. ராத்திரி முழுக்க அழுதனான். உந்த வீட்டுக்காக அண்ணையை விட்டிட்டு இருந்தனே. ஞாயிறு பூசை முடிய வந்து அவரோடை கதைக்கப் போறன்."

மயிலிட்டியிலிருந்து எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. வெள்ளி முழுநாளும், சனி மூன்று மணிவரையும் நேரம் கிடந்தது. நேரம் பார்க்கத் தெரியாதவன் அல்ல நான். அந்த நன்றியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சேமக்காலைக்குப் போய் மண்ணும் போட்டேன்.

ஞாயிறு பத்தரைக்கு றெஜினா சிமியோனின் வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் பாரைக் கருவாடு. படலையில் செத்தவீட்டு வெள்ளைக் கொடியைக் கண்டும் உள்ளே வந்தார். நான் பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்தேன். யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள். அவர் அழவில்லை.

"அண்ணை, நான் உங்களைக் கேட்டனான்தானே," என்றார்.

"ஓம்," என்றேன்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முகத்தைப் பாத்திருப்பன்."

பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நீங்கள் கேட்ட வசனம் இது: அறிவித்தல் தானாகப் போகவில்லை. எடுத்தது நான். எடுத்ததும் தெரிந்துதான், மறைத்ததும் தெரிந்துதான். பகிடிக்குப் பழிவாங்கினேன் என்று உங்கள் சபையில் இருக்கும் தாரிகா பிள்ளை சொல்வதாக அறிகிறேன். அப்படியில்லை. மூன்று நாளில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துபோன பக்கத்தைப் பற்றிச் சிமியோன் சொன்னது பிழை, அவ்வளவுதான்.

றெஜினாவை நான் மறந்துவிடவில்லை. முந்தாநாள் அவருக்காகவே அந்தப் பக்கத்தில், பெட்டிக்கு மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' காலையிலும் மாலையிலும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். அவருடைய நன்றி இன்னும் வரவில்லை.